ரெண்டாம் வருசத்து வாத்தியாருக்கு மாமன் சொல்லு

(மாலத்தீவில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மருமகன் விடுமுறை முடிந்து கிளம்புகிறார். தூத்துக்குடித் தோணியில் காலம் கழித்த தாய்மாமன் சொன்ன புத்திமதி இது.)

வாங்க சார்வாள், உக்காருங்க. மாலத்தீவு வாத்தியாரை நிக்க வெச்சுப் பேசினேன்னா ஊரு என்னைக் கோட்டிக்காரன்னு சொல்லும். போன தடவை கெளம்பும்போது ஒரு பையும் அழுத மூஞ்சியுமாப் போனே. இப்ப கறுப்புக் கண்ணாடி என்ன, சென்ட்டு வாசம் என்ன, வாயைத் தொறந்தா 'அங்கெல்லாம் அப்படி இல்ல மாமா'ங்குத பேச்சு என்ன! நல்லாருடே மருமவனே. ஒரு வருசத்துல ஒரு நாட்டையே கரைச்சுக் குடிச்ச ஆளு நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான். தூத்துக்குடிக்கும் மாலேக்கும் கல்லும் வெங்காயமும் ஏத்தி எறக்கியே முடி நரைச்சவன் நான். எனக்கு அந்த ஊரு இன்னும் பாதிதான் வெளங்கியிருக்கு. முழுசும் வெளங்குன நீ, பாதி வெளங்குனவன் சொல்லுததைச் செத்த கேட்டுட்டுப் போ.

மொதல்ல அந்தப் போட்டோ. கடலுக்குள்ள காலூணி நிக்குத மரவீட்டுப் படத்தை வாட்சப்புல வெச்சிருக்கியே, அதை எடுத்திராத. உங்கம்மை அதைத் தெருத்தெருவாக் காட்டி, 'எம்மவன் இருக்க எடம்'னு சொல்லிட்டுத் திரியுதா. பாவம், அது ரிசார்ட்டுன்னு அவளுக்கு யாரு சொல்லுவா? 1972-ல தொடங்குன வியாபாரம் அது. வெள்ளைக்காரன் வந்து படுக்கதுக்குத் தனித் தீவு, ஊர்க்காரனும் உன்னைப்போல ஆளும் குடியிருக்கதுக்கு வேற தீவு. உன் தீவுல உனக்கு ஒத்தை ரூமு, பங்குக்கு இன்னொரு வாத்தியாரு, நடுவுல ஈரத்துணி தொங்குத கயிறு. அதைப் போட்டோ எடுத்துப் போட்டா சொந்தக்காரன் ஒருத்தனும் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். மரவீட்டுப் படத்தைப் பாத்துத்தான் உன் சித்தப்பன் மாடி கட்ட நாள் பாத்துட்டான். கைமாத்துக்கு உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கானாம்.

பயப்படாத, அதுக்கும் ஒரு வழி இருக்கு. உனக்குச் சம்பளம் ருஃபியாவுல. ஒரு டாலருக்கு 15.42 ருஃபியான்னு அரசாங்கக் கணக்கு. அந்தக் கணக்குக்கு டாலர் கெடைச்சா நீ போன சென்மத்துல புண்ணியம் பண்ணினவன். மாசத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம்னு வங்கியில கோடு போட்டிருப்பான். வெளியில கேட்டா வெலை வேற. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு இடிக்குத எடம் அது. அதனால சித்தப்பன் வந்து பல்லைக் காட்டினா, 'டாலர் தட்டுப்பாடு சித்தப்பா'ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுச் சொல்லு. கடன் கேக்க வந்தவன்கிட்ட நெசத்தைச் சொல்லியே தப்பிக்குத பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வாறேன். விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. அந்த ஊர்க்காரன் பெரிய மனசு பண்ணி உனக்கு ஒரு வருசம் குடுத்திருக்கான். போன வருசம் பிள்ளைக பேரை நீ கொதறிக் கூப்பிட்டப்போ கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. வெள்ளியும் சனியும் லீவு, ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம்ங்கிறதை மறந்து நீ ஞாயித்துக்கிழமை போர்வைக்குள்ள கெடந்தப்போ, ஒரு பயலை அனுப்பிக் கதவைத் தட்டிக் கூட்டிட்டுப் போனாக. இந்த வருசம் தட்ட மாட்டாக. மொத வருசத்துத் தப்புக்குச் சிரிப்பு, ரெண்டாம் வருசத்துத் தப்புக்கு மெமோ. அம்புட்டுதான் வித்தியாசம். 'நான் புதுசு'ங்குத ஒத்தைச் சாக்கு உன் பெட்டியில இருந்துச்சு பாரு, அது காலாவதியாயிட்டு.

ஆனா உனக்கு அது போதாதே. ரெண்டாம் வருசத்துல வெளியூர் வாத்தியாருக்கு ஒரு ஆசை வரும், ஊரைத் திருத்தணும்னு. தாராளமாத் திருத்து. உனக்கு முன்னால ஒருத்தர் பாத்திருக்காரு அந்த வேலையை. என் கூட்டாளி, காயல்பட்டணத்துக்காரரு, கதை கதையாச் சொல்லுவாரு. இப்னு பதூதான்னு மொராக்கோ நாட்டு ஆளு. டெல்லியில துக்ளக் சுல்தான்கிட்டக் காஜியா, அதாவது நீதிபதியா, இருந்திட்டு 1343-ல மாலத்தீவுக்குப் போனாரு. போன எடத்துல அவரையே காஜியாக்கிட்டாக. நல்ல வேலை, பெரிய எடத்துச் சம்பந்தம், ஒண்ணுக்கு நாலாக் கல்யாணம். சும்மா இருக்கலாம்லா? இல்ல. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வராதவனுக்கு அடி. பொம்பளைக மேலுக்குத் துணி போட்டுத்தான் ஆகணும்னு ஒரு உத்தரவு. ஒருத்தியும் காதுல வாங்கல. 'என்னால முடியல'ன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு. கடைசியில மந்திரியோட முட்டிக்கிட்டு 1344-லயே கப்பலேறிட்டாரு. உலகம் பூராச் சுத்துன மனுசன், அங்க ரெண்டு வருசம் முழுசாத் தள்ளல பாத்துக்கோ.

வேலைய விட்டவரு சும்மா போனாரா? இலங்கைக்குப் போயி, அங்கயிருந்து நம்ம கரைக்கு வந்து, மதுரையில சுல்தானா இருந்த தன் சகலையப் பாத்து, 'அந்தத் தீவுமேல படையெடுப்போம் வாங்க'ன்னு யோசனை சொல்லியிருக்காரு. படை போகல, அது வேற. வேலைய விட்டுட்டு வந்த ஆபீஸைப் பத்தி வெளியில வந்து ஏசுத வழக்கம் எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சுக்கோ. உனக்கு மதுரையில சகலையும் கெடையாது, படையும் கெடையாது. அதனால அடக்கி வாசி.

பிரம்பைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம வாத்தியார்மாருக்குக் கை துறுதுறுக்கும். 2019-ல பிள்ளைகளுக்குன்னு தனிச் சட்டமே போட்டுட்டான் அந்த ஊர்ல. அடி கெடையாது. தீவும் சின்னது. நீ திட்டுத பயலோட அப்பன் உன்னைப் படகுல ஏத்திட்டுப் போறவனா இருப்பான், அவன் சித்தி உனக்கு அரிசி குடுக்குத கடைக்காரியா இருப்பா, பெரியப்பன் தீவுக் கவுன்சில்ல இருப்பான். ஒரு பயலைக் கோவிச்சா உனக்குப் போக்குவரத்து, சாப்பாடு, நிர்வாகம் மூணும் நின்னு போகும்.

அடுத்து எழுத்து. அவுக எழுத்துக்குத் 'தானா'ன்னு பேரு, அது வலத்துல தொடங்கி எடத்துக்குப் போகும். எண்ணை மட்டும் நம்ம பக்கமா எடத்துல இருந்து எழுதுவாக. அதுல மொத ஒம்பது எழுத்து அரபு எண்களைப் பாத்து உண்டாக்குனதாம். மாலேச் சந்தையில சீட்டு எழுதிட்டு இருந்த கெழவரு ஒருத்தரு எனக்கு எழுதிக் காட்டினாரு. ஏலே கணக்கு வாத்தியாரே, ஒண்ணு ரெண்டு மூணையே எழுத்தாக்கி உனக்குன்னு வெச்ச மாதிரி வெச்சிருக்கான். அதைக்கூடப் படிக்காம ஒரு வருசத்தை ஓட்டிட்டு வந்து 'அவுக பாஷை கஷ்டம் மாமா'ங்கே. படிப்பு வராத பயலுகளைப் பத்தி இனிமே குறை சொல்லாத, ஒனக்கே வரல.

பெட்டியைப் பாத்தேன். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்கா, வடகம். உங்கம்மை உன்னை வேலைக்கு அனுப்புதாளா, பஞ்சத்துக்கு அனுப்புதாளா? அதுக்கு அடியில துணியில சுத்திப் பிள்ளையாரு வேற. அவரை எடுத்து வீட்டுலயே வை. கும்பிடுத விக்கிரகம், சாராயம், பன்னிக்கறி மூணையும் அந்த நாட்டுக்குள்ள விட மாட்டான். கஸ்டம்ஸ்ல புடுங்கிருவான். பிள்ளையாரை மனசுக்குள்ள வெச்சுக்கோ. அதுக்கு எடையும் கெடையாது, ஸ்கேனும் கெடையாது.

புளிக்காய்ச்சலையும் பாதி எறக்கு. காலையில அங்க மஸ் ஹுனின்னு ஒண்ணு பண்ணுவாக, நீயும் பாத்திருப்பே. சின்ன வெங்காயத்தையும் மொளகாயையும் பொடிசா அரிஞ்சு, உப்பும் எலுமிச்சையும் போட்டு விரலாலயே கசக்குவாக. சாறு எறங்குன பொறவுதான் உதுத்த சூரை மீனு, அதுக்கு மேல அப்பத் துருவுன தேங்கா. எல்லாத்தையும் ஒண்ணாப் பெசைஞ்சு, மெல்லிசு ரொட்டியோட குடுப்பாக. மாசிச் சம்பல் திங்குத நம்ம வாய்க்கு அது அந்நியமாவா இருக்கும்? போன வருசம் அவுக கூப்பிட்டுக் குடுத்தப்போ 'வயிறு சரியில்ல'ன்னு சொல்லிட்டு, ரூமுக்கு வந்து இட்லிப்பொடியை நக்கினியாமே. இந்த வருசமும் வயிறு சரியில்லைன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாக.

அந்தத் தட்டுல கெடக்குத வெங்காயம் நம்ம சரக்கு, தெரியும்லா? 1981-ல ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல, வருசத்துக்கு இவ்வளவு அரிசி, வெங்காயம், முட்டைன்னு அவுகளுக்கு ஒதுக்குதாக. அதுக்காக, 'எங்க வெங்காயத்தைத்தான திங்கிய'ன்னு சாயாக்கடையில சவுடால் விட்டுராத. 'இந்தியா வெளியே போ'ன்னு அங்க கோஷம் போட்டாக. 2024-ல நம்ம பட்டாளத்து ஆளுகளைத் திருப்பி அனுப்பினாக. மறு வருசம் சூலையில, சுதந்திரம் வாங்கி 60 வருசம் ஆன விழாவுக்கு நம்ம பிரதமரையே விருந்தாளியாக் கூப்பிட்டாக. பெரியவுக அடிச்சுக்கிடுவாக, கட்டிப்பிடிச்சுக்கிடுவாக. நடுவுல நீ வாயைக் குடுத்தா ரெண்டு பக்கமும் உன்னைக் கட்டிப்பிடிக்க ஆளு வராது.

சாயங்காலம் என்ன செய்யுதே? ரூமைச் சாத்திக்கிட்டு போன்ல நம்ம ஊரு சண்டையைப் பாக்கே. படகுத்துறைப் பக்கம் போயிப் பாத்திருக்கியா? இரும்புக் குழாயை வளைச்சு, அதுல கயித்து வலை பின்னி, வரிசையா இருக்கை போட்டிருப்பாக. ஜோலின்னு பேரு. உக்காந்தா இடுப்பு உள்ள எறங்கிரும், எந்திரிக்கிறது லேசு இல்ல. ஊர்க் கெழடுக பூரா அதுலதான் கெடக்கும். காத்து எந்தப் பக்கம் மாறுது, சரக்குப் படகு என்னைக்கு வரும், யார் மக யாருக்கு நிச்சயம், எல்லாச் சேதியும் அங்கதான் கெடைக்கும். போயி சும்மா உக்காரு. நீ பேச வேண்டாம், அதுதான் உனக்குக் கஷ்டமான பாடம். தெனமும் வந்து உக்காருத வாத்தியாரை அவுகளே ஒரு நாளு பேச்சுல இழுப்பாக. பொறவு எந்தப் பயலுக்கு ஏன் படிப்பு ஏறலைங்கிறது உனக்குப் பரீட்சை வைக்காமலே தெரிஞ்சிரும்.

கடைசியா ஒண்ணு. இங்க வந்த நாளா நீ அந்த ஊரைப் பத்தியேதான் பேசிட்டு இருக்கே. 'அங்க குப்பை போட மாட்டாங்க, அங்க ஹாரன் அடிக்க மாட்டாங்க.' அங்க போனா என்ன பேசுவேன்னும் எனக்குத் தெரியும். 'எங்க ஊர்ல தாமிரவருணித் தண்ணி, எங்க ஊர்ல பணியாரம், எங்க ஊர்ல பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தலைகீழாத் தெரியும்.' இங்க இருக்கும்போது அங்க, அங்க இருக்கும்போது இங்க. ரெண்டு ஊர்லயும் உன்னால ஒருத்தனுக்கும் பிரயோசனம் கெடையாது. சம்பளம் வாங்குத ஊர்ல மனசை வை, அந்தப் பிள்ளைக மூஞ்சியைப் பாத்துப் பாடம் நடத்து. நம்ம ஊரு எங்கயும் ஓடிராது. உன் சித்தப்பனும் ஓட மாட்டான்.

நீ எத்தனையோ பேருக்கு மார்க்குப் போடுதே. வெளியூர் வாத்தியாருக்கு மார்க்குப் போடுதது ஹெட்மாஸ்டரும் இல்ல, கல்வி ஆபீஸும் இல்ல. ஒப்பந்தம் முடியப் போற மாசத்துல, பிள்ளையைப் பெத்த ஒருத்தி பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னு, 'அந்தக் கணக்கு சாரு போயிருவாரா?'ன்னு கேக்கணும். கேட்டா நீ பாஸு. ஒருத்தியும் கேக்கலைன்னா நீ பெயிலு.