சங்கற்ப சிரோமணி

ஆங்கில வருஷம் பிறக்கும்போது நம்மில் பலர், காப்பியைக் குறைப்பதென்றும் விடியற்காலையில் உலாவப் போவதென்றும் ஒன்றிரண்டு சங்கற்பங்களைச் செய்துகொண்டு, பொங்கல் கரும்பு தீர்வதற்குள் அவற்றை மறந்துவிட்டு, யாதொரு மனச்சங்கடமுமின்றி வாழ்ந்து வருகிறோம். சங்கற்ப சிரோமணி என்று நான் மரியாதையுடன் குறிப்பிடும் பேர்வழியோ இந்த அற்பக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். 1001 நாட்களில் 101 காரியங்களைச் சாதிப்பதென்று மேல்நாட்டில் சிலர் அநுஷ்டிக்கும் விரதத்தைத் தாமும் மேற்கொண்டிருப்பவர் அவர். ஒரு வருஷ விரதமென்றால் டிசம்பர் மாதக் கடைசியில் பந்துமித்திரர்கள் கணக்குக் கேட்பார்கள். ஆயிரத்தொன்றாம் நாள் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் வந்து விழும் என்பது எவருக்கும் தெரியாதாகையால், இதில் அந்த உபத்திரவம் இல்லை.

இத்தகையோர் ஊருக்கு ஊர் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களிடையே சற்று அதிகம். மயிலாப்பூரில் நான் அறிந்தவரின் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும் சிவப்புப் பேனாவும் எப்போதும் இருக்கும். வீணை வாசித்தல், நீச்சல் பழகுதல், 1330 குறளையும் மனனம் செய்தல் ஆகியவற்றுக்கு நடுவே, பழைய குடையைச் செப்பனிட்டு வருதல் என்றும் ஓர் இலட்சியம் அதில் காணப்படும். குடை செப்பனிடப்பட்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அது நோட்டில் ஏறியது என்பதையும், ஏறிய மறுகணமே அதன்மேல் சிவப்பு மசியால் சரி போடப்பட்டது என்பதையும் அவருடைய தர்மபத்தினி என்னிடம் இரகசியமாகத் தெரிவித்திருக்கிறார்.

அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளினும் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகச் சாதகம் செய்தார். ஆனால் அவர் தம்முடைய சிறு புத்தகத்தில் கறுப்புப் புள்ளி வைத்துக் குறித்தது, அன்றன்று தாம் செய்த தவறுகளை! நம் சிரோமணிக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது, ‘மனிதருக்குக் கணக்கு எழுதத் தெரியவில்லை’ என்று அநுதாபப்பட்டார்.

முப்பத்தேழாவது இலட்சியம், செல்லப் பிராணிகளுக்கு முதலுதவி செய்யக் கற்றல். ‘நம் வீட்டில் பல்லியைத் தவிர வேறு பிராணி இல்லையே!’ என்று அம்மாள் ஆட்சேபித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சென்று, ஆறு பக்கம் குறிப்பெடுத்து வந்தார். கற்றவையெல்லாம் மெய்யாகவே பயனுள்ள விஷயங்கள்தாம். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு ஜுரமாவது அதற்கு சுபாவம். அதன் நாடியைப் பின்தொடையின் உட்புறத்தில் பார்க்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். எவ்வளவு பாசமுள்ள நாயும் வலி மிகுந்தால் எஜமானரையே கடிக்கக்கூடுமாதலால் வாயைத் துணியால் கட்டிக்கொள்வது உத்தமம். ஆயினும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அப்படிக் கட்டலாகாது. இருதயம் நின்றுபோனால் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்த வேண்டும் என்பதை, வீட்டிலிருந்த நீளத் தலையணையின்மீது அவர் அப்பியாசம் செய்து, பஞ்சு வெளியே வருமளவுக்குத் தேர்ச்சியும் அடைந்தார்.

வித்தை கைவந்த பின் நோயாளி வேண்டுமல்லவா? ஜீவகாருண்யத்தால் உந்தப்பட்ட ஒருவர், தெருவிலுள்ள நாய்களில் ஒன்றாவது நொண்டாதா என்று மாலைதோறும் ஏக்கத்துடன் பார்த்து நிற்கும் விபரீதத்தை நான் அப்போதுதான் கண்டேன். இரண்டொரு நாய்களின் ஈறைப் பரிசோதிக்க அவர் முயன்றதிலிருந்து, அவர் தலை தெரிந்தாலே அவையெல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த வீட்டு டைகர் மட்டும் சங்கிலியில் கட்டுண்டிருந்ததால் ஓட முடியவில்லை. அது நாளுக்கு நாள் கொழுத்துத் திடகாத்திரமாக விளங்கியதை அவர் தமக்கிழைக்கப்பட்ட அவமரியாதையாகவே கருதினார்.

இதற்கிடையில் ஐம்பத்திரண்டாவது இலட்சியமான கேக் செய்தல் நிறைவேறியது. உலர்ந்த திராட்சையைத் தாராளமாக இட்டுச் செய்த அந்தக் கேக்கில் ஒரு பெருந்துண்டு அடுத்த வீட்டுக்கும் சென்றது. சிறிது நேரத்தில் அவ்வீட்டுச் சிறுமி ஓடி வந்தாள்.

“மாமா, நீங்க குடுத்த கேக்கை டைகர் தின்னுடுச்சு! திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகமே கெட்டுப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பதறாதேம்மா. எல்லாவற்றுக்கும் ஒரு கிரமம் இருக்கிறது” என்று கூறிய சிரோமணி, மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்து, குறிப்புகளை எடுத்து, வெப்பமானியைத் துடைத்து, வாய் கட்டுவதற்கு ஒரு துணியையும் கத்தரித்தார். வாந்தி எடுக்கக்கூடிய நாய்க்கு வாய் கட்டலாமா கூடாதா என்று மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சிறுமியின் தாயார் டைகரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனையை நோக்கிப் போய்விட்டார். அங்கே அதை வாந்தி எடுக்கச் செய்து, வேண்டிய சிகிச்சையும் அளித்தார்கள். பிழைத்துத் திரும்பிய டைகர், சிரோமணியின் வீட்டுப் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை.

“ஆட்டோக் கூலியையாவது நாம் கொடுப்பதுதான் நியாயம்” என்றார் அம்மாள். சிரோமணி மறுபேச்சில்லாமல் அடுத்த வீட்டுக்குச் சென்று, அவர்கள் வேண்டாம் வேண்டாமென்று மறுத்தும் பணத்தைத் திணித்துவிட்டு வந்தார். வந்ததும் நாற்காலியில் அமர்ந்து, நோட்டை விரித்து, ‘அயலாருக்கு அவர்கள் கேளாமலே ஓர் உபகாரம் செய்தல்’ என்று அறுபத்தெட்டாவது இலட்சியமாக எழுதி, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.