பொரிப் பொட்டல மீமாம்சை

தொழிலாளரின் உள்ளத்தில் உற்சாகத்தை எழுப்பி, எழுந்த உற்சாகம் அடங்கிவிடாமல் காப்பது எப்படி என்ற வினாவுக்குப் பல தேசத்துப் பண்டிதர்கள் எண்ணற்ற ஏடுகளைச் செலவிட்டிருந்தும், அவர்களில் ஒருவரேனும் ஆயுத பூஜையன்று கோயம்புத்தூர்ப் பம்புசெட் பட்டறை ஒன்றினுள் கால்வைத்ததாகத் தெரியாமையால், அச்சாஸ்திரத்தின் பிரதானப் பிரமாணமாகிய பொரிப் பொட்டலம் ஆராய்வாரின்றிக் கிடக்கிறது. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் பூர்வபட்சம். கூலியே மனிதனை இயக்குவது என்போருக்கு ஆசாரியர் அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர். 1911-ல் வெளியிட்ட நூலில் அவர், பெத்லஹேம் எஃகுத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்துவந்த ஒருவனை, 1 டாலர் 15 சென்டாக இருந்த கூலியை 1 டாலர் 85 சென்டாக உயர்த்தி, 47½ டன் சுமக்கவைத்த வரலாற்றைப் பெருமிதத்தோடு விவரிக்கிறார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கானபோதும் கூலி இரண்டு மடங்கைக்கூட எட்டாத இந்த அற்புதத்தில் உற்சாகமடைந்தவர் யார் என்று வினவுவது ஆராய்ச்சியின் கண்ணியத்துக்கு ஏற்றதன்று. ஆதலால் மேலே செல்வோம்.

பிட்ஸ்பர்க் வட்டாரத்து எஞ்சினீயர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959-ல் நூலெழுதிய ஹெர்ஸ்பெர்க், சம்பளமும் வசதியும் முணுமுணுப்பை அடக்குமேயன்றி உற்சாகத்தை விளைவிக்கமாட்டா என்று மறுத்தார். நம் தேசத்து 1965-ம் வருஷத்துப் போனஸ் சட்டம் அவருக்குச் சாட்சி. லாபமில்லாவிட்டாலும் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கொடுத்தாக வேண்டும் என்று அது பின்னர் திருத்தப்பட்ட நாள்முதல், கொடுப்பவர் முகத்திலும் மலர்ச்சியில்லை. வாங்குபவர் அதற்காக யாரையும் வாழ்த்துவதுமில்லை.

இனிச் சித்தாந்தம். நவராத்திரியின் ஒன்பதாம் நாள், வருஷம் முழுவதும் எண்ணெயிலும் இரும்புத் தூளிலும் ஊறிய லேத்தையும் டிரில்லிங் மிஷினையும் அவற்றை ஓட்டுபவர்களே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஸ்பானர் முதல் வெர்னியர் வரை வரிசையாக அடுக்கி, விபூதிப் பட்டையிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி முடித்தபின், குங்குமமும் சில்லறைக் காசும் திணித்த பூசணிக்காய் வாசலில் உடைபட, லோடு வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, மற்ற நாட்களில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மட்டுமே தரிசனம் தரும் முதலாளி வேட்டி சகிதராய் ஷாப்புக்குள் எழுந்தருளுகிறார். தான் வைத்த பொட்டு உலருமுன் தன் லேத்தைப் பிறர் தொடுவதை எந்த டர்னரும் சகிப்பதில்லை. எனினும் நமது விஷயம் லேத் அன்று, பொரி.

பொரி, உடைத்த கடலை, வெல்லத் துணுக்கு, தேங்காய்ச் சில் என்பன பொட்டலத்தின் அங்கங்கள். இதன் பலனைச் சந்தை விலையைக் கொண்டு விளக்க இயலாது. பொரியில் பெரும்பகுதி காற்று. பலன் கொடுக்கும் கையைப் பொறுத்தது என்பதே நம் துணிபு. முதலாளி தம் கையால் கொடுப்பது உத்தமம். மானேஜர் கையால் கொடுப்பிப்பது மத்திமம். மூட்டையாகக் கேட்டில் இறக்கி, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும்படி வாட்ச்மேன் மூலம் அறிவிப்பது அதமம். அண்மையில் சில கம்பெனிகள் பொரிக்குப் பதில் கூப்பனைக் கைப்பேசிக்கு அனுப்புகின்றன. அதற்கு வகை வகுக்கச் சாஸ்திரத்தில் இடமில்லை.

உத்தம வகையிலும் உயிர்நிலை ஒன்றுண்டு. பொட்டலத்தை நீட்டும்போது முதலாளி, "மேஸ்திரி, பாப்பாவக் காலேஜ்ல சேத்தியாச்சுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அந்த மேஸ்திரி தீபாவளி வரையில் அதைத் தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்; ஓவர்டைமுக்கு முகம் சுளிக்கமாட்டார். முதலாளிக்குப் பின்னால் நின்று அந்தப் பாப்பாவின் சங்கதியைக் காதோடு எடுத்துக்கொடுத்த சூப்பர்வைசரை மேஸ்திரியும் பார்த்திருப்பார். ஆயினும் பலன் குறைவதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சூப்பர்வைசர் ஒரு வரிசை தவறி முணுமுணுக்க, கல்யாணமே ஆகாத ஃபிட்டரிடம், "பையன் எப்படி இருக்கறானுங்க?" என்று முதலாளி அன்பொழுக விசாரித்துவிடுவாரானால், அடுத்த ஆயுத பூஜை வரையில் எந்தப் பொரியாலும் அதற்குப் பரிகாரம் கிடையாது.

இக்கொள்கைக்கு மேனாட்டிலும் ஆதரவுண்டு. சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-ல் விளக்கொளியை மாற்றி மாற்றிப் பரீட்சித்தவர்கள், ஒளியைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று திகைத்து, தங்களைச் சிலர் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே தொழிலாளரை ஊக்கியிருக்க வேண்டும் என்று பின்னர் ஊகித்தார்கள். பிற்காலத்துப் பொருளாதாரிகள் அப்புள்ளிவிவரங்களைப் புரட்டிப் பார்த்து, அவற்றில் சொல்லப்பட்ட அளவுக்கு விசேஷமில்லை என்றார்கள். பொரியும் இல்லாமல் விளக்கை மட்டும் ஏற்றி இறக்கினால் வேறென்ன கிடைக்கும்? கௌடில்யர் விஷயம் தெரிந்தவர். 48,000 பணம் பெறும் மந்திரி முதல் 60 பணம் பெறும் கடைநிலை ஏவலர் வரை சம்பள அட்டவணை வகுத்த கையோடு, ஊழியர் வீட்டுச் சாவு, நோய், பிரசவம் ஆகியவற்றில் அரசன் உபகாரம் செய்யவேண்டும் என்றும் அர்த்தசாஸ்திரத்தில் எழுதிவைத்தார். பாப்பாவின் காலேஜ் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

ஓர் ஆட்சேபம் எஞ்சுகிறது. கான்டிராக்ட் ஆட்களுக்குப் போனஸ் என்றால் கம்பெனி கான்டிராக்டரைக் காட்டும், கான்டிராக்டர் கம்பெனியைக் காட்டுவார். பொரியோ அவர்களுக்கும் உண்டு, அதே அளவில் உண்டு. அங்ஙனமாயின் பொரி உற்சாகத்துக்காகக் கொடுக்கப்படுகிறதா, வேறொன்றுக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறதா என்று தார்க்கிகர் கேட்கலாம். இதற்கு நூல்களில் விடை காணக்கிடைக்கவில்லை. பழைய டர்னர்களிடம் கிடைக்கிறது. பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில்தான் போனஸ் பேச்சுவார்த்தை நடக்குமாதலால், அவர்கள் பொட்டலத்தை வாங்கியவுடன் பிரிப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்ப்பார்கள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்து, முந்திரியும் தென்பட்டுவிட்டால், "இந்த வருஷம் 8.33-க்கு மேல ஒண்ணும் வராதுங்க" என்று பக்கத்து மிஷின்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.