சிவப்புப் பேனா கிராணி

புக்கிட் ரோத்தான் பக்கம் யாரிடமாவது புத்தகம் இரவல் கேட்டுப் பாருங்கள். "கிராணி ஐயா படிச்சதா, படிக்காததா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வித்தியாசம் உண்டு. ஐயா படித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் தீர்ப்பு இருக்கும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இப்படிப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதும் கிராணி இனம் தோட்டத்துக்கு ஒருவராவது இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் காலியாகி, சனம் தாமானுக்குக் குடிபோன பிறகும் அழியவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனதை இவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றதற்கு ஐயா ஒரு வாரம் பசியாறக்கூட ஒட்டுக்கடைக்கு வரவில்லை. சாவு வீடு மாதிரிதான்.

முப்பது வருடம் தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலையாட்களின் பேர் கூப்பிட்டவர். கதாபாத்திரங்களை மட்டும் சும்மா விடுவாரா? எவன் வேலைக்கு வந்தான், எவன் மட்டம் போட்டான் என்பதுதான் அவருடைய இலக்கியக் கொள்கை. ஒரு குடும்ப நாவலை அவர் மனைவி முடித்த கையோடு ஒளித்துவைத்துப் படித்தார். தீர்ப்பு: "கதாநாயகனுக்கு மூணு கம்பெனி. முழுக் கதையிலும் ஒருநாள்கூட ஆபீஸ் போகல. சம்பளம் பிடிக்கணும்."

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் இரண்டே மாதத்தில் முடித்தார்.

"எப்படி ஐயா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வந்தியத்தேவன் குதிரைக்குத் தீனிச் செலவு யாரு கணக்குல எழுதுறது?"

நம் தோட்டத்து வாழ்வை வைத்து அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' அவரிடம் பாதி மதிப்பெண்தான் வாங்கியது. "விருந்தாளியா வந்தவரு. மாலை போட்டு, பகல்ல மரத்தைக் காட்டியிருப்பானுங்க. நாங்க நெத்தியில விளக்கோட இருட்டுல இல்ல வெட்டினோம்!"

அவருடைய பேரன் கொடுத்த வெற்றி வழிகாட்டி ஒன்று, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் செல்வம் சேரும் என்றது. ஐயா புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். "எங்கம்மா நாலு மணிக்கே எழுந்திரிச்சாங்க தம்பி. சாகுறவரைக்கும்." கடைசிப் பக்கத்தில் அந்த நூலின் விலை முப்பது வெள்ளி அடிக்கப்பட்டு, 'பாக்கி' என்று எழுதியிருந்தது.

கவிதைக்குச் சுலபத்தில் மசியமாட்டார். ஒரு புதுக்கவிஞர் கம்போங் குவாந்தான் மின்மினிகளை மாமரத்தில் மின்னவிட்டிருந்தார். "அது பெரெம்பாங் மரத்துலதான் உட்காரும். ஆத்தங்கரையை எட்டிப் பாக்காதவன் எழுதினது." தொகுப்பின் மற்ற நாற்பது கவிதைகளுக்கும் அதே தண்டனை. எனக்கென்னவோ அது நியாயமாகவே பட்டது.

உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலைத் தடை செய்தபோது ஐயாவுக்குக் கோபம் வந்தது. தடைமீது அல்ல, கெடாமீது. "கதை எழுதுறவன்லாம் கெடாவுக்கே போறான். ஏன், நம்ம டிவிசன்ல பேய் இல்லையா?" எல்லாப் புத்தகத்திலும் அவர் தேடுவது நம்ம டிவிசனைத்தான் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

சயாம் மரண ரயில் பற்றிய நாவல் ஒன்றை நான்தான் கொடுத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆள்பிடித்துப் போய், 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்த கதை. ஆறு மாதம் கழித்துத்தான் புத்தகம் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு இல்லை. செக்ரோல் மாதிரிக் கட்டம் போட்டு ஒன்பது பேர்கள். முதல் பேர் அவருடைய பெரியப்பா. ஒவ்வொரு பேருக்கும் எதிரே 'வரவில்லை.'

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பேச்சை மாற்றி, துப்பறியும் நாவல் இருந்தால் கொடு என்றார். கொடுத்தேன், இரண்டு. அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். அடுத்து வாங்கிப் படிப்பவனுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று கொலைகாரன் பேரை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிற நல்ல மனசு ஐயாவுக்கு. இரண்டையும் நான் இன்னும் படிக்கவில்லை. புக்கிட் ரோத்தான் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கி வந்தால் புண்ணியமாகப் போகும்; முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.