எல்லாம் பேசிக்கலாம் சார்!

சென்னைப் புறநகரில் ஒரு மனை வாங்கிக் கல் நட்டால் போதும், மறுநாள் காலை அவர் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், கக்கத்தில் ரெக்சின் பை. என்ன படித்தாரோ, ஊரே 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறது.

சதுர அடி ரேட்டை யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்திலோ எழுதிக் காட்டுவார். அதுதான் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வோமே என்றால் முகம் வாடிவிடும். "நமக்குள்ள எதுக்கு சார் பத்திரம்? எல்லாம் பேசிக்கலாம்."

பேசுவார், பேஸ்மட்டம் எழும்பிய பிறகு. அந்த ரேட்டில் சம்ப் கிடையாது, செப்டிக் டேங்க் கிடையாது, காம்பவுண்டு சுவர் கிடையாது. எந்தக் கம்பி, எந்த சிமெண்ட் என்றெல்லாம் எழுத பத்திரிகையில் ஏது இடம்? ரூஃப் காங்கிரீட்டுக்கான பணம் கைக்குப் போன அன்று மாலை, இரண்டு போனும் ஒருசேர ஸ்விட்ச் ஆஃப்.

அப்ரூவல் பேச்செடுத்தால், "ஆபீஸ்ல இழுத்தடிப்பாங்க சார், நீங்க வாடகை கட்டியே ஓஞ்சிடுவீங்க" என்பது அவருடைய பழைய பல்லவி. 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்து அதில் மண்ணைப் போட்டது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. மனிதர் அசரவில்லை. "அதுல போட்டா பிளான்ல இருக்கறபடியே கட்டணும் சார்!" என்றார். அவர் வாயிலிருந்து தப்பித்தவறி வந்த உண்மை அது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் மட்டும் யோக்கியமா? பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தில் படிக்கட்டு ஏற்றிவிட்டால் மாடியை வாடகைக்கு விடலாமே என்று அவரும் கணக்குப் போடுகிறார். அந்த ஆசையை இன்ஜினியர் மோப்பம் பிடித்துவிடுவார். "மேடம், கிச்சனை இன்னும் மூணடி தள்ளிக்கலாமா?" மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

நோட்டீஸ் வந்தால்? "தெருவுல எல்லார் வீட்டுலயும்தான் ஒட்டியிருக்கான். வெயில்ல தானா உதிர்ந்துடும்." 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி சீல் வைக்கலாம், இடிக்கவும் செய்யலாம் என்று பயந்தால், "கவர்மெண்டே ஒருநாள் வரன்முறை பண்ணிடும் சார்" என்பார். 2017-இல் அப்படி ஒரு திட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அது 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு. இவர் இப்போதுதான் வானம் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். இன்ஜினியர் பெயர்தான் எந்தக் காகிதத்திலுமே இல்லையே!

அவர் சொந்தமாகக் கட்டிய வீட்டைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: நாலு பக்கமும் அளந்துவிட்ட காலியிடம், ஒரு அங்குலம் பிசகில்லை, அப்ரூவல் நகல் பீரோவுக்குள் பத்திரம். கேட்டால் கொஞ்சம் நெளிந்தபடி சொல்வாராம்:

"பேங்க் லோன் போட்டேன் சார். அப்ரூவல் இல்லாம தரமாட்டேங்கறான்."