மாமியார் வீட்டு மாடியில் கந்தகம்

லேசர் பிரிண்டர் பிறந்தது தூசி தட்டாத ஓர் அறையில். வருடம் 1777. லேசர் பிறக்க இன்னும் 183 வருடம் பாக்கி. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லிஷ்டன்பெர்க் என்றொரு பேராசிரியர். சம்பளத்துக்கு இயற்பியல், சந்தோஷத்துக்கு ஊரைக் கிண்டலடித்துக் குறிப்பெழுதுவது. ஆள் உயரத்தைவிட அகலமாக ஒரு பிசின் தட்டு செய்து, அதில் நிலைமின்சாரம் ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தார். தட்டை இழைத்தபோது கிளம்பிய தூள் அறையெங்கும் பறந்தது. அப்புறம் மின்சாரம் ஏறிய இடங்களாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டது. நட்சத்திரமும் கிளையுமாக ஒரு கோலம். வேறு யாராவது என்றால் துடைப்பத்தை எடுத்திருப்பார்கள். இவர் ஒட்டும் காகிதத்தை எடுத்து அழுத்தினார். கோலம் காகிதத்துக்கு வந்துவிட்டது.

மின்சாரம் ஏற்று, தூள் தூவு, காகிதத்தில் ஒற்றியெடு. உங்கள் ஆபீஸ் பிரிண்டர் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறது. முக்கால் கிணறு தாண்டிய பேராசிரியர் அதோடு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால், கவிஞர் கதே கையெழுத்துப் பிரதியோடு ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றிருப்பார்.

மிச்சக் கால் கிணற்றைத் தாண்ட 161 வருடம் ஆயிற்று. தாண்டியவர் செஸ்டர் கார்ல்சன். நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை. அங்கே எந்தப் பத்திரத்துக்கும் போதுமான பிரதி இருந்ததே இல்லை. டைப் அடிக்க வேண்டும், அல்லது காசைக் கொட்டி போட்டோ எடுக்க வேண்டும். கார்ல்சனுக்கோ கிட்டப்பார்வை, போதாக்குறைக்கு மூட்டுவாதம். இந்த இரண்டு வியாதியும் இல்லாத ஆரோக்கியசாலி யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், நாம் இன்னமும் கார்பன் பேப்பர்தான் வைத்துக்கொண்டிருப்போம்.

நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் படித்து ஒரு யோசனை பிடித்தார். சில பொருட்கள் இருட்டில் மின்சாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டதும் கைவிட்டுவிடும். கந்தகம் அந்த ரகம். அப்படியானால் எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மின்சாரம் தங்கும், மற்ற இடத்தில் ஓடிவிடும். தங்கிய இடத்தில் தூள் ஒட்டும். காகிதத்தில் இது அழகாகத்தான் இருந்தது. கார்ல்சன் செய்து பார்த்ததோ வீட்டுச் சமையலறை அடுப்பில், துத்தநாகத் தகட்டின்மேல் கந்தகத்தை உருக்கி. குடியிருப்பு முழுக்க நாற்றம். கடைசியில் மனைவி, இந்த ஆராய்ச்சி வேறெங்காவது நடக்கட்டும் என்றார். இடம் கிடைத்தது அஸ்டோரியாவில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டின் மாடியில். மருமகனுக்கு மாடியைக் கொடுத்து கந்தகம் கொளுத்த விட்ட அந்த அம்மாளுக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு சிலை வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

உதவிக்கு ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த ஓட்டோ கோர்னே என்ற இன்ஜினீயர். 1938 அக்டோபர் 22. கண்ணாடிச் சில்லில் மையால் '10-22-38 அஸ்டோரியா' என்று எழுதினார்கள். திரையை இழுத்துவிட்டு, கந்தகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்தார்கள். கண்ணாடியை மேலே வைத்துச் சில விநாடி விளக்கைக் காட்டினார்கள். லைகோபோடியம் என்ற செடியின் மகரந்தம் போன்ற தூளைத் தூவி, ஊதினார்கள். எழுத்து நின்றது. மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடு காட்டினார்கள், நிரந்தரமாகிவிட்டது.

இதைப் பார்த்த கோர்னே என்ன செய்தார்? இதில் எதிர்காலமில்லை என்று முடிவுகட்டி, வருகிற பணத்தில் பத்து சதவீதம் என்ற ஒப்பந்தத்தையும் ரத்து செய்துகொண்டு, வேறு வேலைக்குப் போனார். இந்தக் கதையில் எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். பிற்பாடு கார்ல்சன் நல்ல மனதோடு அவருக்கு நூறு பங்குகள் கொடுத்தார்.

கோர்னேயை மட்டும் குறை சொல்வானேன்? ஐபிஎம், கோடக், ஜிஇ, ஆர்சிஏ என்று இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கார்ல்சனைத் திருப்பியனுப்பின. 1944இல் பட்டெல் என்ற ஆராய்ச்சி நிறுவனம் இரக்கப்பட்டது. கந்தகத்துக்குப் பதில் செலினியம் போட்டால் அமோகமாக வேலை செய்கிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் கோடக் இருந்த அதே ராச்செஸ்டர் நகரில், போட்டோ பேப்பர் விற்றுப் பிழைத்துவந்த ஹாலாய்டு என்ற சின்னக் கம்பெனி கைகொடுத்தது; பிற்பாடு ஜெராக்ஸ் ஆனது இதுதான்.

1959இல் வந்த 914 மெஷினின் எடை கிட்டத்தட்ட 294 கிலோ. கூட்டுத் தயாரிப்புக்கு ஐபிஎம்மைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஐபிஎம் ஆலோசகர்களைக் கேட்டது. ஆலோசகர்கள் ஆய்ந்து, மொத்தமே 5,000 மெஷின்தான் போகும் என்றார்கள். ஆலோசகர் சொல்லைத் தட்டலாமா? ஐபிஎம் ஒதுங்கிக்கொண்டது. மெஷினோ அடித்துப்பிடித்துக்கொண்டு போனது. அவ்வப்போது தீயும் பிடித்தது. காகிதம் உள்ளே சூடான இடத்தில் சிக்கிக் கருகும். கம்பெனி கூடவே ஒரு குட்டித் தீயணைப்பானும் கொடுத்தது. தீ என்ற சொல் வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாதே! அதனால் அதற்கு வைத்த பெயர் 'கருகல் நீக்கி'. மெஷினை இயக்குவது எவ்வளவு சுலபம் என்று காட்ட, டிவியில் ஒரு சிம்பன்சியை நகலெடுக்க வைத்தார்கள். மறுநாள் ஆபீஸ்களில் நகலெடுக்கும் பெண்களின் மேசைமேல் வாழைப்பழம். விளம்பரத்தை வாபஸ் வாங்கினார்கள்.

எல்லாரிடமும் 'வேண்டாம்' கேட்டே வளர்ந்த கம்பெனி, காசு வந்ததும் தானும் அதையே சொல்லக் கற்றுக்கொண்டது. 1967இல் கேரி ஸ்டார்க்வெதர் என்ற ஊழியருக்கு ஒரு சந்தேகம்: நகலெடுக்க மூலம் எதற்கு? கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல லேசரே செலினியம் பூசிய உருளைமேல் எழுதிவிடாதா? லேசரெல்லாம் விலை அதிகம், விட்டுவிடு என்றார் மேலதிகாரி. இவர் விடவில்லை. விடாவிட்டால் உன்னிடம் வேலை செய்கிறவர்களைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டல் வந்தது. மனிதர் 1971இல் நாட்டின் மறுகோடிக்கு, கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் புதிதாகத் திறந்திருந்த பார்க் ஆராய்ச்சிக்கூடத்துக்கு, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே படுத்தியது கண்ணாடி. பலமுகக் கண்ணாடி ஒன்று சுழல, ஒவ்வொரு முகமும் லேசர் கதிரை உருளையின் குறுக்கே ஒருமுறை இழுக்கும். ஓர் இழுப்பு, ஒரு வரி. உருளை மயிரிழை நகரும், அடுத்த முகம் அடுத்த வரியைப் போடும். ஒரு முகம் அணுவளவு சாய்ந்திருந்தாலும் வரிகள் ஏறி இறங்கி, பக்கம் அசிங்கமாகிவிடும். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடி பட்டை தீட்டினால் வாங்குகிறவன் ஆண்டியாவான். ஸ்டார்க்வெதர் கண்ணாடியைத் திருத்தாமல், எதிரில் ஓர் உருளை வடிவ லென்ஸை வைத்தார். கதிர் மேலே போனாலும் கீழே போனாலும் லென்ஸ் அதைக் காதைப் பிடித்து உரிய வரியில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒன்பது மாதத்தில் மெஷின் ஓடியது.

அடுத்த தலைவலி நினைவகம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு லெட்டர் அளவுப் பக்கத்துக்குச் சுமார் 84 லட்சம் புள்ளி, ஏறக்குறைய ஒரு மெகாபைட். பார்க்கின் பெருமையான ஆல்டோ கம்ப்யூட்டரிடம் இருந்தது 128 கிலோபைட். எழுத்தை உடனுக்குடன் புள்ளியாக்கித் தள்ளவே தனியாக மின்னணுச் சுற்றுகளை அடுக்க வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் இதை 9700 என்று கடைக்குக் கொண்டுவந்தது 1977இல். நிமிடத்துக்கு 120 பக்கம். ஆனால் அதற்கு முந்தைய வருடமே 3800 என்ற லேசர் பிரிண்டரை வாடிக்கையாளர் வாசலில் இறக்கிவிட்டது ஒரு கம்பெனி. ஆமாம், ஐபிஎம்தான்.

அப்புறம் ஆளாளுக்குப் புகுந்தார்கள். கேனான் உள்ளுறுப்புகளை மேசையளவுக்குச் சுருக்கியது. அதை வாங்கி 1984இல் எச்பி 3,495 டாலருக்கு லேசர்ஜெட் விற்றது. மறுவருடம் ஆப்பிளின் லேசர்ரைட்டர், 6,995 டாலர். பக்கத்தை விவரிக்கும் மொழியைக் கொடுத்தது பார்க்கிலிருந்து வெளியேறிய இருவர் தொடங்கிய அடோபி. அந்த பிரிண்டரின் புராசஸர், எந்த மேக்கிலிருந்து உத்தரவு வந்ததோ அந்த மேக்கின் புராசஸரைவிட வேகமானது. அதிகாரியைவிட குமாஸ்தா புத்திசாலி. ஆபீஸ் சம்பிரதாயம் அங்கும் காப்பாற்றப்பட்டது.

இதற்கிடையில் ஜப்பானில், 1881இல் டெலிபோன் செய்யத் தொடங்கிய ஓக்கி கம்பெனி, சரியாக நூறு வருடம் கழித்து ஸ்டார்க்வெதரின் கண்ணாடியையும் லென்ஸையும் தூக்கிக் கடாசியது. உருளையின் அகலத்துக்கு ஆயிரக்கணக்கான குட்டி எல்இடிகளை வரிசையாக அடுக்கினால் போதுமே, சுழல எதற்கு ஒரு கண்ணாடி? ஒரு புள்ளிக்கு ஒரு விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் எரியும், வேண்டாத இடத்தில் அணையும். அதற்குப் பின் லேசருக்கும் இதற்கும் ஒரே பாதைதான்: டோனர் என்ற பிளாஸ்டிக் தூள், கார்ல்சன் முறைக்கு நேர்மாறாக, உருளையில் வெளிச்சம் பட்ட இடத்தில் ஒட்டும், மின்சாரம் ஏற்றிய காகிதம் அதை இழுத்துக்கொள்ளும், சூட்டு உருளை அதை உருக்கிப் பதிக்கும். வண்ணம் வேண்டுமென்றால் நாலு உருளைக்கு நாலு விளக்குப் பட்டை. இடத்தை அடைக்காது, ஆடாது, அசையாது.

கடைக்காரர் இதையும் லேசர் என்றே விற்பார். வாங்குகிறவருக்கும் ஆட்சேபணை இல்லை. வரிசையில் ஓர் எல்இடி உயிரைவிடும் நாள்வரை. அன்றிலிருந்து எல்லாப் பக்கத்திலும், அதே இடத்தில், தலை முதல் கால் வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கும் நாம் டோனர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி இரண்டு குலுக்குக் குலுக்கித்தான் பார்ப்போம்.