பாம்பன் தூக்கம்

கேள்வி: நடுராத்திரி ரயில் பாலம் ஏறினால் விருந்தாளி அலறி எழுகிறார். எங்களுக்கு மட்டும் ஏன் தூக்கம் கலைவதில்லை?
– வாசகர், பாம்பன்

பதில்: உங்கள் மன்னார் வளைகுடாப் பாசியில் மேயும் கடல் முயலைக் கேளுங்கள். முயல் என்று பேர்தான், இனத்தில் நத்தை. சீண்டினால் ஊதா மை கக்கும். அதன் கலிபோர்னியா பங்காளியை ஆராய்ந்துதான் நரம்பியலாளர் எரிக் கேண்டல் 2000-இல் நோபலில் பங்கு பெற்றார். நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை வெடுக்கென்று இழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால், 'இவனுக்கு வேறு வேலையில்லை' என்று விட்டுவிடும். உணர்வு நரம்பு, சினாப்ஸ் என்னும் நரம்பு இணைப்பில் ரசாயனத்தைச் சிக்கனமாக அவிழ்த்துவிடத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். வாலில் ஒரு ஷாக் கொடுத்தாலோ அதே இணைப்பு முறுக்கேறி, தொட்டதற்கெல்லாம் பதறும். சுமார் 20,000 நரம்பணுக்களுக்கே இந்தச் சாமர்த்தியம்; உங்கள் தலையில் 8,600 கோடி! விருந்தாளியும் நாலு நாளில் குறட்டை விடுவார். பிறகு கிளம்பவே மாட்டார். அதற்குக் கேண்டலிடமும் மருந்தில்லை.