மடக்குக்கத்தி அளவியல்: ஓபினெல் எண்வரிசைக்கு ஒரு விளக்கவுரை

நாள்தோறும் பையில் வைத்துக்கொள்ளத்தக்க மடக்குக்கத்தி எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும் என்னும் வினா, அக்கத்தியால் ரொட்டி அறுப்போரை ஒருபோதும் வருத்தியதில்லை. அதைப் பற்றி எழுதுவோரையே தலைமுறை தலைமுறையாக வருத்தி வருகிறது. மடக்குக்கத்தி எனப்படுவது, அலகு, அதாவது வெட்டும் தகடு, ஓர் அச்சாணியைச் சுற்றித் திரும்பிக் கைப்பிடியின் பிளவுக்குள் அடங்கும் கத்தியாகும். பையில் இட்டால் தொடையைக் குத்தாது என்பதே அதன் முதற்பயன் எனவும், ஒரு சாரார் கருத்தில் அதுவே அதன் ஒரே பயன் எனவும் கொள்க. இத்தகைய கத்திகள் உலகில் பல உள்ளன எனினும், அளவுதோறும் எண்ணிட்டு, எண்களை வரிசைப்படுத்தி, பின்னர் அவ்வரிசையின் நடுவில் ஒன்றைத் தொலைத்து ஆய்வாளர்க்கு வாழ்வளித்த பெருமை பிரான்சின் சவோய் மலைநாட்டில் பிறந்த ஓபினெல் கத்திக்கே உரியது ஆதலின், இவ்வாய்வு அதனையே மூலபாடமாகக் கொள்கிறது.

பிறவற்றைச் சுருங்கக் கூறி விடுத்தல் மரபு. பிரான்சின் அவேரோன் பகுதிக்குரிய லகியோல் கத்தியின் முதுகில் அமர்ந்திருப்பது தேனீயா, வெறும் ஈயா என்னும் வழக்குத் தீரும்வரை அதன் நீளத்தை ஆராய்தல் முறையன்று. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனொகாமிக்குப் பூட்டு இல்லை; பிடித்திருப்பவரின் பெருவிரலே பூட்டு. சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியோ திருப்புளி, புட்டித் திறப்பான் முதலியவற்றைத் தன்னுள் அடக்கிக் கத்தி என்னும் இலக்கணத்தைக் கடந்து கருவிப்பெட்டி என்னும் இலக்கணத்துள் புகுந்துவிட்டது. ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் ஓலை வாரும் கத்தியுமாக மடங்கும் மடக்கெழுத்தாணி தமிழகத்தில் வழங்கியது உண்மையே. அதிலிருந்துதான் ஓபினெல் தோன்றிற்று என்று நிறுவ இதுகாறும் ஒருவரும் முனையாதது நம் ஆய்வுலகின் நடப்பை நோக்க வியப்புக்குரியது. இக்கட்டுரை அச்சேறியபின் அக்குறை நீங்கும் என எதிர்பார்க்கலாம்.

மூலபாடத்தின் வரலாறு வருமாறு. கோடரியும் அரிவாளும் வடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஓபினெல் என்பார் 1890-ல் தம் ஊர் உழவர்க்கென ஒரு மடக்குக்கத்தியைச் செய்தார். பீச் மரக் கைப்பிடி, கரிம எஃகு அலகு, ஓர் ஆணி, அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை, கத்தி முடிந்தது. 1897-ல் அவர் அதனை 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரு அளவுகளாக விரித்தார். பன்னிரண்டு எதற்கு என்று உழவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை; அவர்கள் தம் கைக்கு அடங்கியதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயினர். இக்காரணத்தாலேயே அவர்களை அளவியலின் முன்னோடிகளாகக் கருத இயலாது.

அளவியலின் முதற்சிக்கல், எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதாகும். அலகு கைப்பிடியை விட்டு வெளிப்படும் இடத்திலிருந்து நுனிவரை அளப்போர் நீளவாதிகள் எனவும், தீட்டப்பட்ட கூர்விளிம்பை மட்டும் அளப்போர் விளிம்புவாதிகள் எனவும் பெயர் பெறுவர். இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு சில மில்லிமீட்டர். பகைமை அதனினும் நீண்டது. மூன்றாம் சாரார் மடக்கிய நிலையில் கைப்பிடியை அளப்பர். பைக்குள் செல்வது கைப்பிடியே ஆதலின் இவர்கள் கூற்றே பொருந்துவதாயினும், அது எளிதில் விளங்கிவிடுவதால் இவர்களை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. நான்காவதாக ஒரு சிறு குழுவும் உண்டு. 1909 முதல் அலகில் பொறிக்கப்படும் முடிசூடிய கைச்சின்னம், சான் ழான் த மோரியென் நகரின் சின்னத்திலிருந்து வந்தது என்பதையும், அந்நகரப் பேராலயம் திருமுழுக்கு யோவானின் விரல்களைத் திருப்பண்டமாகப் போற்றி வரும் மரபையும் சான்றாகக் காட்டி, இக்கத்தியைச் சென்டிமீட்டரால் அளத்தல் பிழை, விரற்கடையால் அளத்தலே முறை என அக்குழுவினர் வாதிடுவர். யாருடைய விரல் என்பது மட்டுமே அவர்களிடம் எஞ்சியுள்ள சிக்கல்.

இனி எண்ணுக்கும் நீளத்துக்கும் உள்ள உறவு. எண் 2-ன் அலகு 3.5 செ.மீ.; 3-ன் அலகு 4; 4-க்கு 5, 5-க்கு 6, 6-க்கு 7, 7-க்கு 8 என ஏறி, 8-ல் 8.5 எனத் தயங்கி, 9-க்கு 9, 10-க்கு 10, 12-க்கு 12 என நேராகிறது. எண்ணைக் காட்டிலும் அலகு நீண்டிருக்கும் அளவு மிகை எனப்படும். மிகை 2-ல் ஒன்றரை, 3 முதல் 7 வரை ஒன்று, 8-ல் அரை, 9 முதல் இன்மை. சிறிய கத்தி தன் எண்ணுக்கு மேல் தருகிறது, பெரிய கத்தி சொன்னதை மட்டுமே தருகிறது என்பதும், மிகையும் இன்மையும் எதிர்கொள்ளும் அரைநிலையில் நிற்பதால் எண் 8-ஏ அன்றாடக் கத்தி என்பதும் இதனால் பெறப்படும் என ஓர் உரையாசிரியர் முடிவு கட்டினார். அவ்வுரைக்கு உரை கண்ட மற்றொருவர், மூலத்தில் அப்படி ஒரு கருத்து இல்லை என்றும், மூலம் என ஒன்றே இல்லை என்றும், ஆயினும் முடிவு சரியே என்றும் எழுதினார். அவருக்கே பரிசு கிடைத்தது.

மிகைக் கோட்பாட்டுக்கு எதிராக எழுந்தது அரைவிட்டக் கோட்பாடு. சவோயில் கத்தி பையிலிருந்து வெளிப்படுவது பெரும்பாலும் பாலாடைக்கட்டியை வெட்டவே ஆதலின், வட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே அழுத்தில் வெட்டும் அலகே தகுதியுடையது என்பது இதன் சாரம். ரெப்லோஷோன் என்னும் கட்டியின் குறுக்களவு ஏறத்தாழ 14 செ.மீ.; பாதி 7; எனவே எண் 6. தோம் த சவோய் 18 முதல் 21 வரை; பாதி 9 முதல் பத்தரை; எனவே எண் 9 அல்லது 10, அந்த அரையை இழக்கத் துணிந்தோர்க்கு. போஃபோர் என்னும் கட்டியின் வட்டு ஒன்றே 20 முதல் 70 கிலோ எடையும், 35 முதல் 75 செ.மீ. குறுக்களவும் உடையது ஆதலின், அதனை வெட்ட விழைவோர் கத்தியை அன்று, பையை மாற்றுதல் வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முறை வெட்டினால் என்ன என்று வினவிய கட்டிக் கடைக்காரர் கருத்தரங்குக்கு மறுமுறை அழைக்கப்படவில்லை.

இவை யாவும் முன்னுரை அளவினவே. அளவியலின் உயிர்நிலை எண் 11 ஆகும். 1935-ல் எண் 1-ம் எண் 11-ம் வரிசையிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டு செ.மீ. அலகுடைய எண் 1 எதற்கும் உதவாத அளவு சிறியது எனவும், எண் 11 தன் இருபுறமும் நின்ற 10, 12 ஆகியவற்றோடு மிக நெருங்கியது எனவும் காரணம் கூறப்படுகிறது. இக்காரணம் தெளிவானது, போதுமானது, எவரும் ஒப்பத்தக்கது. ஆதலின் ஆய்வுலகம் இதனை ஏற்கவில்லை. எண் 1-க்காக எவரும் கண்ணீர் சிந்தாததும் ஈண்டுக் கருதத்தக்கது. முதலில் உள்ளது தொலைந்தால் வரிசை சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது, அவ்வளவே. நடுவில் உள்ளது தொலைந்தால்தான் இடைவெளி பிறக்கிறது, இடைவெளி பிறந்தால்தான் அதை நிரப்பும் நூல்கள் பிறக்கின்றன.

முதற்கண் எழுந்தது கடல்கோள் கோட்பாடு. சவோய், ஆல்ப்ஸ் மலைகளுக்கு இடையே கிடப்பதால் அங்குக் கடல் கொள்ள வாய்ப்பில்லை எனச் சுட்டிக்காட்டப்பட்டபோது, கோட்பாட்டினர் மலையைக் குறை கூறினரே அன்றித் தம் கொள்கையைக் கைவிடவில்லை. அடுத்து வந்தோர் எண் 11 அழியவில்லை, ஒளிந்துள்ளது என்றனர். எண் 8-ஐ எடுத்து மடக்கி அளந்தால் கைப்பிடி சரியாக 11 செ.மீ. உள்ளது, தொலைந்த பதினொன்று எட்டினுள் உறைகிறது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமோ என்பது அவர்கள் வினா. வேண்டும் என்றோர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டனர். எட்டும் மூன்றும் பதினொன்று ஆவதால் எண் 3-ஐயும் எண் 8-ஐயும் ஒரே பையில் இட்டுத் திரிவோர் அறியாமலேயே எண் 11-ஐச் சுமக்கின்றனர் என ஒருவரும், ஐந்தும் ஆறும் எனப் பிறிதொருவரும் எழுதப்போக, அவர்தம் மாணாக்கர் இன்றும் ஒரே பந்தியில் அமர்வதில்லை.

மேற்கோள்களோ மேன்மேலும் நுண்மை எய்தின. ஏடு கிடைக்காத ஒரு நூலுக்கு உரை எழுதாமலே மறைந்த ஓர் உரையாசிரியர், கரையான் அரித்த மூன்றாம் ஏட்டின் இடப்பக்க ஓரத்தில், பிற்காலத்தவர் கையெழுத்தில், “காண்க” என்று மட்டும் குறித்திருந்ததாகவும், அச்சொல்லை அடுத்துக் கரையான் தின்ற இடம் இரண்டு இலக்கங்கள் அமரத்தக்க அகலம் உடையதாகவும், இரண்டு இலக்க எண்களுள் தொலைந்தது 11 ஒன்றே ஆதலின் கரையான் தின்றது அதுவேயாகும் எனவும், இச்செய்தியை அவ்வேட்டை நேரிற் கண்டவரின் மாணாக்கர் ஒரு திருமணப் பந்தியில் கூறக் கேட்டவர், அச்சேறாத தம் மறுப்புரையின் அடிக்குறிப்புக்கு எழுதிய அடிக்குறிப்பில் பதிவு செய்துள்ளார். அவர் மேற்கோளை மேற்கோளாகக் காட்டிய பின்வந்தோர் அனைவரும் மூலத்தைத் தாமே பார்த்ததாக எழுதினர். 1935-க்கு முற்பட்ட எண் 11 கத்திகள் அரிதாகச் சேகரிப்போர் கையில் உள்ளனவே, ஒன்றை வாங்கி அளந்தால் என்ன என்னும் யோசனையும் ஒருமுறை எழாமல் இல்லை. அளந்துவிட்டால் இரண்டாம் பதிப்புக்கு இடமிராது என்னும் முறையியல் காரணத்தால் அது தள்ளப்பட்டது.

எண் 13 ஒன்றும் உண்டு. அதன் அலகு 22 செ.மீ.; விரித்தால் முழுக்கத்தி ஏறத்தாழ அரை மீட்டர்; மிகை ஒன்பது. 1897-ன் பன்னிரண்டில் அது இல்லாமையாலும், மிகை இன்மையாகி அடங்கிய வரிசையில் திடீரென ஒன்பது தாவுவதாலும், இது இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை. இதனைப் பையில் இட இயலாது என்பாரும் உளர்.

பைகளின் வகை வருமாறு. காற்சட்டையின் முன்பை: 8 வரை இடர் இல்லை. பின்பை: உட்காரும் தொழில் செய்வோர்க்கு எவ்வெண்ணும் ஆகாது. மேலங்கிப்பை: 10-ம் செல்லும். சட்டைப்பை: குனிந்தால் விழும். வேட்டி உடுத்துவோர் பற்றிச் சவோய் நூல்கள் வாய் திறக்கவில்லை.

பூட்டும் சட்டமும் அளவியலுள் புகுவதைப் புலவர்கள் விரும்புவதில்லை. ஏனெனில் அவை இரண்டும் மெய்யாகவே பயனுடையவை. 1955-ல் மார்செல் ஓபினெல், அலகின் அடியில் சுழலும் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார்; அதைத் திருப்பினால் விரித்த அலகு விரல்மேல் மடங்கி விழாது. இவ்வளையம் எண் 6 முதல் மேலுள்ளவற்றுக்கே உண்டு. எனவே பூட்டு வேண்டுவோர்க்கு 6-க்குக் கீழ் இடமில்லை. பிரிட்டனிலோ வழக்கு நேர்மாறானது. அங்கு 1988-ன் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது கூர்விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு, மேற்படாத மடக்குக்கத்தி மட்டுமே. விளிம்புவாதிகளுக்கு வரலாற்றில் கிடைத்த ஒரே அரசு ஏற்பு இது என்பதால் அவர்கள் அவ்விதியை மனப்பாடமாகக் கூறுவர். ஆயின் விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி அவ்விலக்கில் அடங்காது என அந்நாட்டு நீதிமன்றம் 1993-ல் தீர்த்துவிட்டமையால், 7 செ.மீ. மட்டுமே உடைய எண் 6-ம் நீளத்தில் தேறிப் பூட்டில் தோற்கிறது.

இறுதியாக ஓர் இயல் எஞ்சியுள்ளது. அதன் பெயர் தட்டியல். நனைந்தால் பீச் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது பூட்டு வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியின் பின்கோடியை மேசையில் ஒருமுறை ஓங்கித் தட்டினால் அலகு சற்றே எழும். பிறகு விரலால் விரிக்கலாம். சவோய் மக்கள் இதனை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். எவ்வெண்ணுக்கு எத்தனை தட்டு என்பது பற்றி இன்னும் ஆய்வேடு எதுவும் வெளிவராமையின், பட்டம் நாடுவோர் விரைந்து பதிவு செய்துகொள்க.

கத்தி வாங்குவோர்க்கு வேண்டிய தீர்ப்பு வேறு. கை சிறியதாயின் 7, இல்லையேல் 8. கரிம எஃகு துருப்பிடிக்கும் ஆதலின் எலுமிச்சையோ தக்காளியோ வெட்டியபின் துடைத்து உலரவிட்டு மடக்குக. அதற்குப் பொழுதில்லாதோர் துருவேறா எஃகு அலகையே கேட்டு வாங்குக. பிரிட்டன் செல்வோர் 7, 8 இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் பூட்டில்லாத எண் 5-ஐக் கொண்டு செல்க; விமானத்தில் அதனையும் கைப்பையில் இடற்க.